கருப்பு கோவில் படியில் ஒரு ப்ரீ-வெட்டிங்

மதுரையில் கேமராவைத் தோளில் மாட்டியிருப்பவனிடம் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, நல்ல ஸ்பாட் எங்க இருக்கு?" பாண்டியர் ஆண்ட ஊர், நாயக்கர் ஆண்ட ஊர் என்று பள்ளியில் படித்தவர்கள், அந்த ராஜாக்கள் தங்கள் இன்ஸ்டாகிராமுக்காகவே பேக்கிரவுண்டு கட்டி வைத்துவிட்டுப் போனதாக நம்புகிறார்கள். நான் செல்லூரில், தறிச் சத்தத்துக்கு நடுவே ஸ்டுடியோ வைத்து, ஊரார் கல்யாணங்களைப் படமெடுத்தே தலை நரைத்தவன். தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகள் ஸ்பாட் பட்டியல் எழுதித் தரச் சொல்கிறார்கள். பட்டியல் கூகுளில் கிடைக்கும். கல்யாணத்துக்கு முன்பே ஜோடியைப் படமெடுக்கிற ப்ரீ-வெட்டிங் ஒன்றுக்குப் போன நாளைப் பற்றி நான் சொல்கிறேன்.

1. கோபுரம்

மாப்பிள்ளை கார்த்திக், கே.கே. நகர் பையன், சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. பெண் அமுதா, கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம், மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை மாப்பிள்ளையோடு தனியாக அனுப்ப அவள் வீட்டில் சம்மதிக்கவில்லை. அதனால் காவலுக்கு மாப்பிள்ளையின் அக்கா ரம்யா வந்தார். காவலுக்கு வந்தவர், வண்டி ஏறியதுமே டைரக்டராகிவிட்டார்.

"எந்தக் கிழமை வச்சுக்கலாம்?" என்று மாப்பிள்ளையிடம் போனில் கேட்டிருந்தேன். "எந்த நாள்னாலும் ஓகேண்ணே. லீவெல்லாம் ஒரு பிரச்சனையே இல்ல" என்றார். என் அனுபவத்தில் சாஃப்ட்வேர் மாப்பிள்ளைகள் தாலி கட்டுகிற அன்றைக்கே அரை நாள் லீவுக்குத்தான் கெஞ்சுவார்கள். இவர் கம்பெனி தங்கமான கம்பெனி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு புதன்கிழமையைக் கொடுத்தேன்.

காலை வெயில் ஏறுவதற்குள் சித்திரை வீதிப் பக்கம் ஒரு மொட்டை மாடியில் ஏறினோம். அப்போது மீனாட்சி கோவிலில் திருப்பணி. கோபுரம் முழுக்கச் சாரம் கட்டி, பச்சைத் துணி போர்த்தியிருந்தது. இதை முன்கூட்டியே ரம்யாவிடம் சொல்லியிருந்தேன். அவர் அதை நம்பவில்லையோ, தாங்கள் வருவதற்குள் பிரித்துவிடுவார்கள் என்று இருந்தாரோ தெரியவில்லை.

"அண்ணே, இத இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பிரிச்சு வைக்கச் சொல்ல முடியாதா?"

"யார்கிட்டம்மா சொல்றது?"

"உங்களுக்கு ஊர்ல எம்புட்டோ பேரத் தெரியும்னு சொன்னாங்களே."

தெரியும்தான். ஆனால் மீனாட்சியிடம் அப்படிப் பேசும் அளவுக்குப் பழக்கமில்லை. "எடிட்டிங்ல துணிய எடுத்துருங்க, உள்ளதான் கோபுரம் இருக்கே" என்று எனக்கு வழி சொல்லிக் கொடுத்துவிட்டு ரம்யா கீழே இறங்கினார்.

2. மகால்

அனுமதி வாங்கி நாயக்கர் மகாலுக்குள் போனால் தூணுக்கு ஒரு ஜோடி நிற்கிறது. ஒரு ஜோடி நகர்ந்தால்தான் அடுத்த ஜோடி நிற்க முடியும். பந்தியில் இலைக்குப் பின்னால் நிற்கிற மாதிரி நின்றோம். ரம்யாவுக்கு ஆளே இல்லாத ஃப்ரேம் வேண்டும். "அந்தக் காலத்து அரண்மனை மாதிரி காலியா இருக்கணும்." அந்தக் காலத்து அரண்மனையும் காலியாக இருந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பேமென்ட் தள்ளிப்போகும் என்பது தொழில் பாடம்.

கடைசியில் எங்களுக்கு ஒரு தூண் கிடைத்த நேரம், ஒரு பள்ளிக்கூடமே சுற்றுலா வந்து இறங்கியது. பிள்ளைகள் வரிசையாக நின்று, "அண்ணே, அக்கா தோள்ல கைய போடுங்க" என்று மாப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அமுதா சிரித்துவிட்டாள். அன்று பகலில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல படம் அந்தச் சிரிப்புதான். ரம்யா அதை வேண்டாம் என்றார், பல் தெரிகிறதாம்.

சாப்பிடும்போது ரம்யா எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "அமுதா திங்கக்கிழமை ஸ்கூல்ல ராஜினாமா லெட்டர் குடுக்குறா. சென்னையில தம்பி சம்பளமே போதும், இவ எதுக்கு வெயில்ல அலையணும்?" அமுதா ரசத்தை ஊற்றிக்கொண்டாள். மாப்பிள்ளை போன் வந்ததாக எழுந்து வெளியே போனார். "ரெண்டு நிமிஷம், வந்துர்றேன்" என்றார். சென்னையில் சில வருஷம் இருந்தாலே நம் ஊர் 'வாரேன்' கழன்று விழுந்துவிடுகிறது. அவருடைய போன் மணி அடித்து நான் கேட்கவில்லை.

3. கருப்பு

மத்தியானத்துக்கு மேல் ரம்யா ஒரு ரீலைக் காட்டினார். "இப்படி கிராமத்து லுக்குல, பவர்ஃபுல்லா ஒரு ஸ்பாட் வேணும்ண்ணே." எனக்கு ஒரு இடம் தெரியும். யானைமலையைத் தாண்டி, மேலூரையும் தாண்டி, திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு கிராமத்தில், காவல் தெய்வமான கருப்புக்கு ஒரு கோவில். பெரிய பெரிய குதிரைகள், ஆள் உயர அரிவாள்கள், பழைய கல்படி. சாயங்காலம் புளியமரத்துக்குப் பின்னாலிருந்து வரும் பேக்லைட்டில் அந்த இடம் தகதகவென்று இருக்கும். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே அங்கே நாலு ட்ரோன் பறக்கும்.

வண்டி ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதும் அமுதா, "இந்தக் கோவிலுக்கா அண்ணே?" என்றாள்.

"தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன? வாய்க்கால் தகராறுக்கு எங்க பெரியப்பா இங்கதான் வந்து சத்தியம் பண்ணாரு."

வெயில் போய்விடுமே என்ற அவசரத்தில் நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கருப்பிடம் வெறுங்கையோடு போகக் கூடாது என்று அமுதா வழியில் மாலையும் சூடமும் வாங்கினாள். ரம்யாவின் கண் சூடத்தின் மேல் விழுந்தது.

"அண்ணே, இத படியில கொளுத்தி வச்சா ஃபோர்கிரவுண்ட்ல நெருப்பு வரும்ல?"

வரும், அழகாகவே வரும். கொளுத்தினோம். மாப்பிள்ளை படியில் ஒற்றைக் கால் முட்டி போட வேண்டும், நெருப்புக்கு மேலே கையை நீட்ட வேண்டும், அமுதாவைப் பார்த்து, "உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன், மறைக்கவும் இல்ல" என்று சொல்ல வேண்டும். வசனம் ரம்யாவுடையது. நான் ஃபோகஸ் வைத்து, "ரோலிங்" என்றேன்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். சூடத்தைப் பார்த்தார். அரிவாளை நிமிர்ந்து பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"அண்ணே, லிப் மூவ்மென்ட் மட்டும் குடுத்தாப் போதாதா?"

"சவுண்டோட எடுத்தாத்தான் முகத்துல உண்மை வரும்" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன டெக்னிக்கல் விஷயங்களில் இவ்வளவு சரியானது வேறில்லை.

"அப்ப வேணும்னா இங்கிலீஷ்ல சொல்லட்டுமா?"

கருப்புக்கு இங்கிலீஷ் புரியாது என்று கணக்குப் போட்டிருப்பார் போலிருக்கிறது. அதற்குள் மரத்தடியில் படுத்திருந்த பூசாரி, வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்து வந்தார்.

"என்னய்யா பிராது? ரெண்டு தரப்பும் வந்தாச்சா?"

"பிராது எல்லாம் இல்லண்ணே, போட்டோ" என்றேன்.

"போட்டோவா? படியில சூடம் ஏத்தி, கைய நீட்டி நிக்கிறாரு. இங்க அது சத்தியம் பண்றதுதானய்யா. ஏத்துன சூடத்த வாக்குச் சொல்லித்தான் அணைக்கணும். சும்மா இறங்கிப் போகப்படாது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஃப்ரேமுக்கு நெருப்பு வேண்டும், கை வேண்டும், வசனம் வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, முழுச் சத்தியத்துக்கான ஏற்பாட்டையும் நாங்களே செய்து வைத்திருந்தோம்.

அமுதா அதுவரை மாப்பிள்ளையின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லுங்க. மறைக்கிறதுக்குத்தான் நம்மகிட்ட ஒண்ணும் இல்லையே" என்றாள் மெதுவாக.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு வேலை போயி நாலு மாசமாச்சு, அமுதா. தேடிக்கிட்டுதான் இருக்கேன். கல்யாணத்துக்குள்ள கிடைச்சிரும்னு நெனச்சேன்."

அமுதா ரம்யா பக்கம் திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா மதினி?"

காலையிலிருந்து ஒரு நிமிஷம்கூட வாய் ஓயாத ரம்யா தரையைப் பார்த்தார். எனக்கு அந்தப் பையன் மேல் பரிதாபமாக இருந்தது. அந்தப் பெண்ணை நினைத்தபோது அவன் மேல் கோபமும் வந்தது. கேமராவை நிறுத்த வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

"திங்கக்கிழமை நான் லெட்டரக் குடுத்திருந்தா, எனக்கும் வேலை இருந்திருக்காது" என்றாள் அமுதா. "வேலை போனதுக்காக நான் உங்கள வேணாம்னு சொல்ல மாட்டேன். சொல்லாம இருந்தீங்க பாருங்க, அதுக்குச் சொல்லலாம். நான் ஸ்கூல விட மாட்டேன். நீங்க மதுரைக்கு வாங்க, இங்க இருந்து வேலை தேடுங்க. முடியாதுன்னா இப்பவே சொல்லிருங்க. அப்பாகிட்ட நானே பேசிக்கிறேன். சூடம் இன்னும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு."

மாப்பிள்ளை உள்ளங்கையை வைத்துச் சூடத்தை அணைத்தார்.

"வாரேன்" என்றார். வந்துர்றேன் இல்லை, வாரேன்.

பூசாரி இரண்டு பேருக்கும் விபூதி பூசிவிட்டு, "பிராது முடிஞ்சது, மாலையப் போட்டுட்டுப் போங்க" என்றார். அமுதா மாலையைக் கருப்புக்குப் போட்டாள்.

4. எடிட்டிங்

மறுவாரம் ரம்யா ஸ்டுடியோவுக்கு வந்தார். வீடியோவை முழுக்க இரண்டு முறை பார்த்தார். பிறகு, "சவுண்ட மட்டும் எடுத்துட்டு மியூசிக் போட்டுருங்கண்ணே. அமுதாகிட்டயும் கேட்டுட்டேன்" என்றார். போட்டுக் கொடுத்தேன். அணைந்த சூடத்தின் புகைக்கு நடுவே இரண்டு முகங்கள். என் தொழிலில் அதைவிட நல்ல ஃப்ரேம் நான் எடுத்ததில்லை. அதை இன்ஸ்டாகிராமில் போட்டதும் சொந்தக்காரர்கள் கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள்: மாப்பிள்ளைக்கு நடிப்பு பிரமாதம், கண்ணீர் அப்படியே ஒரிஜினல் மாதிரி இருக்கிறது, பெண் இன்னும் கொஞ்சம் சிரித்திருக்கலாம்.

கல்யாணம் கொட்டாம்பட்டியில் நடந்தது. அமுதா அதே பள்ளியில்தான் வேலை பார்க்கிறாள். கார்த்திக்குக் கொஞ்ச நாள் கழித்து மதுரையிலேயே, முன்னதைவிடச் சின்ன கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்தது. இப்போது அவரும் லீவுக்குக் கெஞ்சுகிறார்.

தம்பிகளே, ஸ்பாட் பார்க்கப் போனால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அந்த இடத்தில் ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாம் பேக்கிரவுண்டு என்று நினைத்துப் போகிற இடம், யாருக்கோ கோர்ட்டாக இருக்கும்.

வீடியோவைப் பார்த்துவிட்டு இன்றைக்கும் பெண்கள் போன் செய்கிறார்கள், "அண்ணே, எங்களுக்கும் அதே ஸ்பாட்தான் வேணும்." தாராளமாகக் கூட்டிப் போகிறேன் என்கிறேன். அது என்ன கோவில், அங்கே சூடம் ஏற்றினால் என்ன அர்த்தம் என்பதைச் சொல்லி, மாப்பிள்ளையிடம் கேட்டுவிட்டுக் கூப்பிடச் சொல்கிறேன். இதுவரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.