ஜெஸீமா ராத்தாவின் மீன்

நான் ஒரு கனவைத் திருடினேன்.

சிரிக்காதீர்கள். நகை என்றால் எப்போதோ திருப்பிக் கொடுத்திருப்பேன். இதை எப்படிக் கொடுப்பது? நான்கு வருடமாக யோசிக்கிறேன், வழி தெரியவில்லை.

சாய்ந்தமருதில், கடற்கரைக்கு இரண்டு வீதி தள்ளி என் வீடு. மரப்பலகையில் உருவம் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுப்பது என் தொழில். எல்லாம் கடல் கதைகள்தாம். யூனுஸ் நபியை விழுங்கிய மீன்... பூமியைச் சுமக்கும் மீன்... மரக்கலத்தைத் தூக்கிப் பறக்கும் பறவை! ஓரங்களில், பழைய அரபுத்தமிழ்க் கையெழுத்து ஏடுகளில் வருவதுபோல், சிவப்பும் கறுப்புமாகப் பூங்கொடி ஓடும். மனித உருவம் வந்தால் முகத்தை வெறுமையாக விட்டுவிடுவேன். முகம் வரைவது எங்கள் வீட்டில் ஆகாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு, நான் ஏதோ பெரிய மார்க்கப் பற்றுள்ளவள் என்று!

ஜெஸீமா ராத்தா பக்கத்து வீடு. ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா. அவருடைய கணவர் போன படகு திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இத்தா இருக்கச் சொன்னார்கள் ஊரார். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் கடமை அது. ராத்தா மறுத்துவிட்டார். ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருநாள் அதிகாலை, சுபஹு தொழுத கையோடு வந்து என் கையைப் பிடித்தார்.

"புள்ள, கனாவ எல்லாருக்கிட்டயும் சொல்லப்படாது. நமக்கு நல்லது நினைக்கிற ஒராளுக்கிட்டத்தான் சொல்லணும். நீ ஒருத்தருக்கிட்டயும் கதைக்கப்படாது, சரியா?"

"ஓம் ராத்தா" என்றேன்.

கனவில் ஒரு மீன்... ஊரளவு பெரிய மீன். அதன் வயிற்றுக்குள் வரிசையாக விளக்குகள். அவற்றின் கீழே பாய் விரித்து, அவர் கணவர் கிழிந்த வலையைத் தைத்துப் பொத்திக்கொண்டிருக்கிறார். ராத்தாவைக் கண்டதும் நிமிர்ந்து சிரிக்கிறார். இன்னும் கொஞ்சம்தான், முடித்துவிட்டு வருகிறேன் என்கிறார். வாரத்தில் இரண்டு மூன்று தடவை இதே கனவு!

"வாறன் எண்டு சொல்ற மனிசனுக்கு நான் எப்பிடிப் புள்ள இத்தா இரிக்கிற?"

நல்ல கனவு, அல்லாஹ் நல்லதாக்கித் தருவான் என்று சொன்னேன். வாய்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மனம் அந்த விளக்குகளிடம் போய்விட்டது. அன்று பகலே பலகையை எடுத்துவிட்டேன்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வேன்! உளி தானாக ஓடியது. செதில் செதிலாக மீன் எழுந்து வந்தது. அறைக்குள்ளேயே கடல் வந்து நிற்பதுபோல் இருந்தது... என் வாழ்நாளில் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததே இல்லை. இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

படம் கொழும்பில் ஒரு கண்காட்சிக்குப் போனது. இந்த மீனை எங்கே பிடித்தீர்கள் என்று வியந்து கேட்டார்கள். பழைய ஏடு ஒன்றில் கண்டேன் என்றேன். அப்படியோர் ஏடே இல்லை! படம் முன்பின் தெரியாதவர்களின் சுவர்களில் தொங்கியது, கைபேசிகளில் சுற்றியது. ராத்தாவிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைபேசி. அவர் கண்ணில் படாது என்று தைரியமாக இருந்தேன்.

அடுத்த மாதம் ராத்தா மதிலோரம் வந்து நின்றார்.

"கனா வாறதே இல்ல புள்ள. நீ ஒருத்தருக்கிட்டயும் கதைக்கல்லதானே?"

"இல்ல ராத்தா."

"அப்ப அவர் மவுத்தாப் போயிட்டாரு" என்றார், மிக மெதுவாக. மறுநாள் வெள்ளை உடுத்து இத்தாவில் உட்கார்ந்தார்.

படம் போட்டால் கனவு நின்றுவிடுமா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால், அன்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால்? கனவு நின்றது என் குற்றத்தால் என்று நினைத்திருப்பார். என்னை ஏசியிருப்பார்... இன்னும் காத்திருந்திருப்பார். அந்த மனிதரை மவுத்தாக்கியது கடலா, நானா?

இத்தா முடிந்து முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தார். என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"நீதானே படம் கீறுற ஆள். அண்டைக்கு நான் சொன்ன மீன எனக்கு ஒண்டு கீறித் தா. அவர்ட முகத்தயும் போடு புள்ள, அல்லாஹ் மன்னிப்பான். அடையாள அட்டையில இரிக்கிற முகமில்ல... சிரிச்ச முகம். அது எனக்கு மறந்து மறந்து போகுது."

கட்டிலின் கீழே, அவர் கால் படும் தூரத்தில், எஞ்சிய பிரதிகள் சுருட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் அவர் கணவர் முகமில்லாமல் வலை பொத்திக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னது எனக்கு ஞாபகமில்ல ராத்தா" என்றேன்.

"ஓம், உனக்கு எவ்வளவு வேல" என்று சொல்லி, என் தலையைத் தடவிவிட்டு எழுந்து போனார்.

அந்தச் சுருள் இன்னும் அங்கேதான் கிடக்கிறது. நான் அதன் மேலேதான் படுக்கிறேன்.