பதினொரு பேரும் ஒரு பந்தும்

கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியர் என்றால் விசில் ஊதிச் சம்பளம் வாங்குகிறவர் என்று நினைப்பார்கள். கால்பந்து டீமைக் கட்டி மேய்த்த என் சகாக்களுக்குத்தான் அந்த விசிலின் கஷ்டம் தெரியும். அறுபதுகளின் பிற்பகுதியில் ராயபுரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அந்த பாக்கியம் எனக்கு வாய்த்தது.

பூட்ஸ்

எங்கள் பையன்கள் எல்லாரும் வெறுங்காலில் ஆடிப் பழகியவர்கள். வண்ணாரப்பேட்டை காதர் வெறுங்காலோடு பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் பிடிக்க ஆள் கிடையாது. முதல் சீசனில் பூட்ஸ் கட்டாயம் என்றார்கள். மாட்டிவிட்டேன். பாதி ஆட்டத்துக்குள் மூன்று கோல் வாங்கினோம். காதர் மூன்று முறை காற்றை உதைத்துவிட்டு மல்லாந்து விழுந்தான். "பந்து கண்ணுக்குத் தெரியலையாடா?" என்று கத்தினேன்.

"பந்து எங்க கீதுன்னு தெரிது சார். என் காலு எங்க கீதுன்னுதான் தெரில."

மழைக்காலம்

இரண்டாவது சீசனிலும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. ஐப்பசி மழையில் மைதானம் குட்டையாகிவிட்டது. சுவர் இடிந்த பக்கமாகப் பக்கத்துத் தெரு பால்காரரின் எருமைகள் உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். ஒருநாள் எதிரணிக்காரன் அடித்த அடி, காலியாகக் கிடந்த எங்கள் கோலுக்குள் போகவேண்டியது, குறுக்கே வந்த எருமையின் விலாவில் பட்டுத் திரும்பியது. அப்படியும் நான்கு கோலில் தோற்றோம். எருமையை ஓட்டிப் போக வந்தவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இன்னா நைனா, உன் டீம்ல ஒயுங்கா ஆடுனது என் எருமை ஒண்ணுதான் போல."

கடல் பக்கத்துக் கோல்

மூன்றாவது வருஷம் பிரின்ஸிபால் கூப்பிட்டு, "கடைசி மேட்ச்சாவது ஜெயிக்கணும். இல்லேன்னா டீமைக் கலைச்சுடுவேன்" என்று சொல்லிவிட்டார். அந்த மேட்ச் அன்று கோல்கீப்பர் அந்தோணியின் முகம் செத்திருந்தது. அவன் அப்பா முந்தின நாள் விடிகாலையில் கட்டுமரத்தில் போனவர், திரும்பவில்லை. "நீ கரைக்குப் போடா, ஆட்டம் கிடக்கட்டும்" என்றேன்.

"அங்க நின்னாலும் இதே கடலத்தானே சார் பாக்கணும்?" என்று சொல்லிவிட்டுக் கோலில் போய் நின்றான்.

கோலுக்குப் பின்னால் சுவர், அதற்குப் பின்னால் கடல். அவன் திரும்பித் திரும்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு பந்து அவன் காலடி வழியாகவே உள்ளே போனது.

இடைவேளை முடிந்து சற்று நேரத்தில், தலையெல்லாம் உப்புப் பூத்த ஒரு மனுஷர் மைதானத்துக்குள் வந்து, பக்கம் மாறி அந்தோணி இப்போது நின்ற கோலுக்குப் பின்னால் நின்றார். காற்றில் பாய் கிழிந்து, எண்ணூர்ப் பக்கம் கரை ஒதுங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து நேரே வந்திருக்கிறார் அந்தோணியின் அப்பா.

"நான் வந்துட்டேன்டா. நீ பந்தப் பாரு!"

அந்தோணி சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு ஒரு பந்தும் அவனைத் தாண்டவில்லை. காதர் இரண்டு கோல் போட்டான். இரண்டாவது, விசிலுக்குச் சற்று முன்னால். பிரின்ஸிபால் கோட்டோடு சேற்றில் குதித்தார். நான் ஓடிப்போய் அந்தோணியின் அப்பா கையைப் பிடித்தேன்.

"நடுக்கடல்ல பாய் கிழிஞ்சப்போகூட இப்டி பயந்ததில்ல மாஸ்டர். இன்னா ஆட்டம் இது!"

அதற்குப் பிறகும் எத்தனையோ சீசன்கள் அந்த டீமோடு இருந்தேன். கோப்பை வைக்க அலமாரி கேட்டு எழுதும் சிரமத்தை மட்டும் பையன்கள் எனக்குக் கடைசிவரை கொடுக்கவே இல்லை.