எழுதிக்கொடுப்பவர்

மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் வீடு அம்மாவின் பெயரில் இருந்தது. அம்மா உயில் எழுதாமல் போய்விட்டாள். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான், நானும் என் தம்பியும். அவனுக்கு நங்கநல்லூரில் சொந்த ஃபிளாட் உண்டு. எனக்கு இந்த வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது.

முதல் வருஷத் திவசம் முடிந்த கையோடு தம்பி போன் செய்தான். வீட்டை இருவர் பெயருக்கும் மாற்றப் போவதாகவும், நான் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்றும் சொன்னான். சந்தோஷமாகத்தான் கிளம்பினேன்.

பதிவு அலுவலகத்தில் உட்கார இடமில்லை. சுவரோரம் நின்றபடி பத்திரத்தை வாங்கிப் படித்தேன். அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை; பஜ்ஜி மடித்த காகிதத்தைக்கூடப் படிக்காமல் என்னால் கசக்கிப் போட முடியாது. தலைப்பு 'விடுதலைப் பத்திரம்'. விடுதலை என்றால் நல்லதுதானே என்று ஒரு கணம் நினைத்த அசடு நான். கீழே, தம்பி பெயருக்குப் பக்கத்தில் 'எழுதிவாங்குபவர்' என்றிருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் 'எழுதிக்கொடுப்பவர்'.

எதைக் கொடுக்கிறேன்? மேலே படித்தேன். அம்மா வழியில் எனக்கு வந்த சரிபாதியை, இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று அவனுக்கு விட்டுக்கொடுக்கிறேனாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"சும்மா ஃபார்மாலிட்டிதான் அக்கா. டோக்கன் கூப்பிடறா பாரு, கையெழுத்தப் போடு," என்றான் தம்பி.

"ஃபார்மாலிட்டின்னா பேரை மாத்திப் போட்டு எடுத்துண்டு வா. நீ எழுதிக்கொடு, நான் வாங்கிக்கறேன்."

காகிதத்தை அவன் கையில் திணித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

பிறகு உறவுக்காரர்களைத் தூது விட்டான். கூடப்பிறந்தவனோடு சொத்துச் சண்டையா என்று கேட்டார்கள். உயில் இல்லையென்றால் அம்மாவின் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு, அவனுடையதை நான் கேட்கவில்லை என்று ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்தினேன். நான் கையெழுத்துப் போடாமல் முழு வீட்டையும் விற்க முடியாது என்று அவனுடைய வக்கீலே சொன்ன பிறகுதான் தம்பி இறங்கி வந்தான். பாகப்பிரிவினைப் பத்திரம் தயாரானது: கீழ்வீடு எனக்கு, மாடி அவனுக்கு. அதில் கொடுப்பவரும் இல்லை, வாங்குபவரும் இல்லை, இருவருமே பாகஸ்தர்கள். வரைவைப் பிழை திருத்தியதும் நான்தான். தம்பி பெயரில் விட்டுப்போயிருந்த ஒற்றெழுத்தைக்கூடப் போட்டுக் கொடுத்தேன்.

மறுபடி அதே அலுவலகம். நான் கையெழுத்துப் போட்டு, கைரேகையும் வைத்தாயிற்று. தம்பி பேனாவைத் திறந்துகொண்டு எங்கே போடணும் என்று கேட்டான். அப்போது எனக்கிருந்த குதூகலத்தை நான் மறைக்கவே முயலவில்லை.

"முதல்ல முழுசாப் படிடா," என்றேன்.