சண்முகநாதன் வேகமாகப் போகவில்லை

தில்லி கோல் மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அங்கிள், அப்பா போயிட்டாங்க. கொஞ்சம் ஜல்தி வாங்க" என்றாள் சண்முகநாதனின் மகள் வித்யா. கீரையை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். அவசரப்பட்டு இனி என்ன ஆகப்போகிறது என்று வழியில்தான் தோன்றியது.

கிளைடர் கிளப்பில் இருபது வருடம் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். கொட்டகையில் நான் பழுதுபார்ப்பேன். அவர் ஓட்டிப் பார்த்துச் சரி சொல்வார். நெல்லைக்காரர். இன்ஜின் இல்லாத விமானத்தில் நம் குறையை மறைக்க இரைச்சல்கூடக் கிடையாது என்பார்.

இறக்கையின் பின்னோரத்தில் கீலில் ஆடும் பலகைதான் ஏலரான். கீலுக்குப் பின்னால் கனம் கூடினால் வேகத்தில் அது படபடக்கும், இறக்கையையே உலுக்கிவிடும். பெயின்ட்டும் கனம்தான். அடித்தபின் எடை பார்த்து, அதற்கு ஈடாக முன்விளிம்பில் ஈயம் சேர்க்க வேண்டும். "புதுச் சட்டை போட்டா ஆளை நிறுத்துப் பாக்கணும்வே" என்று என்னைக் கிண்டல் செய்வார்.

ஒரு குளிர்காலத்தில், பெரிய அதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்று ஏலரானுக்கு இரண்டு கோட் கூடுதலாக அடித்தேன். எடை பார்க்கும்போது உதவும் என்று சண்முகநாதன் ஒரு ஈயத்துண்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை விருந்தினர் வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தாயிற்று. "எடை பாத்தீராவே?" என்று கேட்டார். பார்த்தாச்சு என்றேன். பார்க்கவில்லை.

அவர் ஓட்டிப்போன கிளைடரின் இறக்கை மேலே உதறுவதைக் கீழே நின்று பார்த்தேன். ஏலரான் பிய்ந்து சிதறியது. எப்படியோ தரையிறக்கிவிட்டார். நொறுங்கியதை யார் நிறுத்துப் பார்ப்பது? அனுமதித்த வேகத்தைத் தாண்டினார் என்று விசாரணையில் எழுதினார்கள். அவருடைய உரிமம் போயிற்று, அதன்பின் அவர் பறக்கவே இல்லை. "நீர் எடை பாத்துட்டீரு. அப்போ தப்பு என் கையிலதாம்வே" என்றார். நான் டீயை ஆற்றிக்கொண்டு நின்றேன்.

பிறகு ஞாயிறுதோறும் லக்ஷ்மிபாய் நகரில் என் வீட்டுக்கு வருவார். ஒவ்வொரு முறையும் சொல்ல வாயெடுப்பேன். முதலில் வேலை போய்விடும் என்று பயம். ஓய்வுபெற்றபின், இவர் வருவதை நிறுத்திவிடுவாரோ என்று பயம். கோழைக்குக் காரணமா கிடைக்காது! போன வாரமும் வந்தார், மெதுவடை கேட்டார், சாப்பிட்டுவிட்டுப் போனார்.

லோதி ரோடு மயானத்தில் வித்யா என் பக்கத்தில் வந்து நின்றாள். "அன்னைக்கு ஸ்பீடு ஜாஸ்தி போயிட்டேன்னு அப்பா கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாங்க அங்கிள். நீங்க செஞ்ச நல்ல வேலையைக் கெடுத்துட்டேன்னு." அவளிடமும் நான் சொல்லவில்லை.

அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். அவர் வேகமாகப் போகவில்லை. வேகம் காட்டும் முள் சரியான இடத்தில்தான் இருந்திருக்கும். இதை நீங்கள் நம்பினாலும் அவருக்கு இனி ஒன்றுமில்லை, எனக்கும் மன்னிப்பு கிடையாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஈயத்துண்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவருடைய இறக்கையில் இருந்திருக்க வேண்டியது, என் அலமாரியில் இருக்கிறது.