வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

என் அம்மா வாய்க்காலைத் தாண்ட மாட்டாள். புதுச்சேரியை இரண்டாக வகிர்ந்து ஓடும் அந்த வாய்க்காலுக்கு மேற்கே எங்கள் வீடு. கிழக்கே வெள்ளைக்காரர் தெருக்கள், அப்புறம் கடல். அப்பாவுக்கு அங்கே ஒரு பிரெஞ்சுக்கார மதாம் வீட்டில் சமையல் வேலை. என் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கந்தான். அப்பாதான் தினமும் கூட்டிப்போவார்.

கொல்லையில் பாம்பு வந்தால் தெருவே அம்மாவைத்தான் கூப்பிடும். அப்பேர்ப்பட்டவளுக்கு வெள்ளைக்காரர் என்றால் பயம் என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவாள். வீராம்பட்டினம் தேருக்கு ஊரே கிளம்பும் நாளில் அவளுக்குத் தலைவலி வரும். அந்தத் தேரை முதலில் வடம் பிடிப்பவர் கவர்னர் துரை என்பதால் அதையும் வெள்ளைக்காரப் பயத்திலேயே சேர்த்துவிட்டார்கள். போகிற வழியில் அரியாங்குப்பத்து ஆற்றுப் பாலம் இருப்பது யாருக்கும் தோன்றவில்லை. துரைக்குப் பயப்படுவதில் அப்போது வெட்கம் இல்லை. பாலத்துக்குப் பயம் என்றால் யார் மதிப்பார்கள்?

ஐம்பத்து நாலில் அவர்கள் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. எனக்கு ஏழு வயது. இத்தோடு அம்மாவின் பயம் தீர்ந்தது என்று அப்பா நிச்சயமாக நம்பினார். எங்கள் பள்ளிக்கூடத்திலும் கொடியேற்று விழா வைத்தார்கள். பாட்டுக்கு என்னை முன்வரிசையில் நிறுத்தினார்கள். நாலு பேர் பார்த்தால் கால் கட்டைவிரலையே பார்க்கிற பிள்ளை நான். அம்மா எதிரே வந்து நின்றால்தான் பாடுவேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா அடுப்படிக்குப் போய்விடுவாள். மூன்றாம் நாள், வரேன் என்றாள்.

புதுப்புடவை கட்டி, என் கையைப் பிடித்து வந்தவள், வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டாள். முப்பது எட்டுகூட இல்லாத பாலம். கீழே முட்டியளவு சாக்கடைத் தண்ணீர். அம்மாவின் உள்ளங்கை என் கைக்குள் வேர்த்து வழுக்கியது. ஓடி வந்தவள்போல் மூச்சு வாங்கினாள்.

“அதான் வெள்ளைக்காரன் போயிட்டானே, இன்னும் என்னா பயம்?” என்றார் அப்பா.

“அவன் இல்லீங்க. இது கீழ எறங்குது.”

“மாட்டுவண்டி போவுது, எறங்கல. நீ போனாத்தான் எறங்கப்போவுதா?”

பக்கத்தில் போனவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. கையை உதறினேன். “நீ வர வேணாம் போ” என்று சொல்லிவிட்டு அப்பாவோடு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் பாடவில்லை. வாயை மட்டும் அசைத்தேன். கொடுத்த மிட்டாய் கையிலேயே பிசுபிசுத்தது.

இப்போது என் மகள் லிப்டில் ஏற மாட்டாள். நாலு மாடியும் படிதான். போன வருஷம் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். இது கோழைத்தனம் இல்லை, ஏதோ ஒரே ஒன்றின் மேல் வருகிற பயம், எவ்வளவு தைரியசாலிக்கும் வரும், பெரும்பாலும் சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னார்கள். திட்டினாலோ சிரித்தாலோ போகாதாம். பக்கத்தில் ஆள் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டுமாம். அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். என் மகளை நினைத்து இல்லை.

அன்று விழா முடிந்து நாங்கள் திரும்பியபோது பாலத்தின் மேல் சின்னக் கூட்டம். நடுவில் அம்மா. பாதிக்கு மேல் வந்து, கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள். அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். குனிந்து தோளை அணைத்துத் தூக்கினார்.

“கண்ணத் தொறக்காத புள்ள. நான் புடிச்சிக்கினு வரேன்.”

இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பிறகுதான் அம்மா கண்ணைத் திறந்தாள். என்னைத் தேடி, “பாட்டு முடிஞ்சிடுச்சாம்மா?” என்றாள்.

என் கண்ணெல்லாம் புதுப்புடவையில் இருந்தது. இரண்டு முட்டிக்கு நேராகவும் கறுத்துக் கிழிந்திருந்தது. உள்ளங்கை இரண்டும் சிராய்த்து மண் ஒட்டியிருந்தது. பார்த்து நடக்கத் தெரியாமல் எங்கேயோ தடுக்கி விழுந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, வீடு வரும்வரை அம்மாவோடு பேசாமலே வந்தேன்.