ஆறுமணிக் குருவிக்கு வடக்கே சூலம்

மந்தைவெளியில் எங்கள் ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு புங்கமரம் நிற்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓர் ஆறுமணிக் குருவி அங்கே வந்து சேரும். பச்சை முதுகு, வாலடியில் குங்குமச் சிவப்பு. எங்கள் ஃபிளாட்டிலேயே ஒழுங்காக உடுத்துகிற ஜீவன் அதுதான் என்பது என் கட்சி. காலையும் மாலையும் ஆறுமணி வாக்கில் சீட்டியடிக்கும். மற்ற நேரமெல்லாம் சருகைக் கிளறிப் புழு தின்னும். கோடை வெயில் ஏறியதும் குஞ்சு பொரிக்க வடக்கே இமயமலை அடிவாரத்துக்குப் போய்விடும்.

எப்போது போகும் என்பதில்தான் தகராறு.

ஃபிளாட் செயலாளர் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. புதுக் கார் வாங்கியிருந்தார். அதன்மேல் புங்கம்பூ பொரியாகக் கொட்டியது. குருவி உட்காரும் தாழ்ந்த கிளையை வெட்ட ஆள் சொல்லிவிட்டார். நான் குறுக்கே விழுந்தேன்.

"பங்குனி உற்சவம் முடிஞ்சதும் அது கிளம்பிடும் அண்ணாச்சி. அதுவரைக்கும் கைவைக்காதேங்கோ."

போன வருஷம் அப்படித்தான் போயிற்று. இந்த வருஷம் அறுபத்துமூவர் வந்தார்கள், போனார்கள், குருவி அசையவில்லை. சித்திரையும் பிறந்தது. லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் அண்ணாச்சி கேட்பார்: "என்ன மாமி, உங்க விருந்தாளி பெட்டி கட்டியாச்சா?"

எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் கிளையை விட்டுக்கொடுக்க மனசில்லை. தனியாக இருக்கிறவள் நான். விடிந்ததும் எனக்குக் கேட்கிற முதல் குரல் அதுதான். கிளை போனால் அடுத்த ஐப்பசிக்கு அது வருமோ, வராதோ.

ஒரு செவ்வாய்க்கிழமை அரிவாளும் கயிறுமாக ஆட்கள் வந்தே விட்டார்கள். "இனிமே பொறுக்க முடியாது மாமி" என்றார் அண்ணாச்சி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னிக்குச் செவ்வாய், வடக்கே சூலம். சரக்கெடுக்க சூரத்துக்கே நீங்க இன்னிக்குக் கிளம்பமாட்டேள். அது மட்டும் இமயமலைக்குக் கிளம்பணுமாக்கும்?"

சண்டைக்குச் சொன்னதுதான். அவர் முகம் மாறிவிட்டது. தினசரி காலண்டரில் சூலம் பார்க்காமல் ஊர்ப்பயணம் வைக்காத மனிதர்.

"அதுவும் சரிதான். நாளைக்கும் வடக்கே சூலம்தான். வியாழக்கிழமை வாங்கய்யா" என்று ஆட்களை அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை சீட்டி கேட்கவில்லை. பால்கனியிலிருந்து பார்த்தேன், கிளை காலி. இனிச் சொல்ல எனக்கு ஒரு சாக்கும் இல்லை. மரத்தடியில் அண்ணாச்சி கிண்ணத்தில் பாலோடு நின்றிருந்தார். வடக்குச் சூலத்துக்குப் பால்தான் பரிகாரம்.

"போயிட்டுல்லா மாமி!" என்றார் பதறி.

"அது ராத்திரியில்தான் பறக்கும் அண்ணாச்சி."

"செவ்வாய்க்கிழமை ராத்திரியா?" நான்தான் கழுத்தைப் பிடித்துத் தள்ளினேன் என்பதுபோல் என்னைப் பார்த்தார். பாலைப் பூனை குடித்தது.

வியாழக்கிழமை ஆட்கள் வந்த சத்தம் கேட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். வெகுநேரம் வெட்டுகிற ஓசையே இல்லை. எட்டிப் பார்த்தேன். காரை வெயிலில் நகர்த்தி விட்டுவிட்டு அண்ணாச்சி அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

"கிளை இருக்கட்டும்யா. சூலத்துல கெளம்பியிருக்கு. வழியில ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆகித் திரும்பி வந்துட்டா, எங்க போய் உக்காரும்?"