பத்து பாகாட் பேருந்தில் ஓர் ‘ஓம்’

காலை எட்டரைக்குப் பெர்மாஸ் ஜெயா வீட்டைப் பூட்டிவிட்டு நானும் என் மனைவி சரோஜாவும் புறப்பட்டோம். பத்து பாகாட்டுக்கு ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். பேருந்துக்கு ஆளுக்குப் பதினைந்து ரிங்கிட். அங்கே எங்களுக்கு உறவினர் யாரும் இல்லை. போன வாரம் எங்கள் மகன், “அம்மாவுக்குப் பேச்சே வராதுப்பா, பிறவிக் குணம்” என்றான். நான் மறுக்கவில்லை. மறுக்காத அந்த வெட்கம்தான் என்னைக் கிளப்பியது.

பத்தரை மணி. நெடுஞ்சாலையின் இருபுறமும் செம்பனைத் தோட்டங்கள். சிம்பாங் ரெங்கம் பலகையைக் கண்டதும் சரோஜா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் பிறந்த தோட்டம் அந்தப் பக்கம்தான்.

நாங்கள் சந்தித்ததும் இதே வழிப் பேருந்தில்தான். நான் சிலோன் தமிழன், அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்த்த கிராணி, யாரிடமும் பேசாதவன். அவளுக்குப் பத்து பாகாட் துணி ஆலையில் தையல் வேலை. சனிக்கிழமைதோறும் தோட்டத்துக்குப் போவாள். என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வாயை மூடவில்லை. ஆலை மேற்பார்வையாளர் நடப்பதை உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினாள். எங்கள் வீட்டில் ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஓம்’ என்போம். நான் அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

“என்ன சார், எது கேட்டாலும் ஓம் ஓம்னு மந்திரம் சொல்றீங்க? எந்தக் கோயில் பூசாரி லா நீங்க?”

சிரித்துவிட்டேன். அடுத்த சனிக்கிழமை எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை, ஆனாலும் ஏறினேன். பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்காக இடம் பிடித்திருந்தாள். “வாங்க பூசாரி. மந்திரம் இல்லாம ஒரு வாரம் ஓடல.”

தோட்டத்துப் பெண் என்று தெரிந்தும் என் தாய் சம்மதித்தார். பயந்தது நான். கலியாணத்துக்கு வரும் உறவினர் அவளுடைய தோட்டத்துப் பேச்சைக் கேட்டு என்ன நினைப்பார்கள் என்று பயந்தேன். “யார் எது கேட்டாலும் ஓம் என்று மட்டும் சொல்லும்” என்றேன். விளையாட்டு என்று நினைத்து ஒப்புக்கொண்டாள். ஒரு நாளைக்கு என்றுதான் சொன்னேன். பிறகு விருந்துகள், மேலதிகாரிகளின் வீடுகள், மகனின் பள்ளிக்கூடம். ஒவ்வொரு வாசலிலும் அவள் கையை லேசாக அழுத்துவேன். கடைசியில் அழுத்த வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

பன்னிரண்டுக்குப் பத்து பாகாட்டில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். கடைக்கார அம்மாள், “சீனி போடலாமாக்கா?” என்று கேட்டார்.

“ஓம்.”

“அட, சிலோனாக்கா நீங்க?”

சரோஜா என்னைப் பார்த்தாள். “ஓம்” என்றாள்.

அவர் உள்ளே போனதும் சொன்னேன்: “நான் உமக்குப் பெரிய பிழை செய்துபோட்டன். இனியாவது உம்முடைய பேச்சைப் பேசும்.”

அவள் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். “எந்தப் பேச்சுங்க?” என்று கேட்டாள். கோபமில்லை, உண்மையாகவே கேட்டாள்.

இரண்டு மணிப் பேருந்தில் அவள் முதலில் ஏறினாள். நான் பயணச்சீட்டைக் காட்டிவிட்டுப் போனபோது, பக்கத்து இருக்கையில் அவள் பை இருந்தது.

“இடம் இருக்கா?” என்றேன்.

“ஓம்” என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வீடு வரும் வரை, அவள் பேசினால் கேட்கலாம் என்று இருந்தேன்.